கரண்ட் வைக்கும் நேரத்தில் அம்மா என்ன செய்கிறார்?

வாசகி ஒருவரின் கடிதம்:

"என் அம்மாவுக்கு 63 வயது. எட்டு வருடமாக இடுப்பு வலி. வலது முழங்காலில் தேய்மானமும் இருக்கிறது. சர்க்கரை நோய் உண்டு. பாதம் எரிகிறது, சில இடங்களில் மரத்துப்போயிருக்கிறது என்கிறார். மூன்று மாதத்துக்கு முன் வீட்டிலேயே கரண்ட் வைத்துக்கொள்ள, தோலில் பேட் ஒட்டி மெல்லிய மின்துடிப்பு கொடுக்கிற ஒரு சின்ன டென்ஸ் மெஷின் வாங்கிக் கொடுத்தேன். ராத்திரி தூங்கப் போகும் முன் இருபது நிமிடம் இடுப்பில் ஒட்டிக்கொண்டு படுத்திருப்பார். முதல் நான்கைந்து நாள் நன்றாக இருக்கிறது என்றார். இப்போது ஒன்றும் தெரியவில்லை என்கிறார். உடம்பு கரண்டுக்குப் பழகிவிட்டதா? கூட்டி வைத்தால் நரம்பு பலவீனமாகிவிடுமா? எரிகிற பாதத்தில் ஒட்டலாமா? பேஸ்மேக்கர் வைத்திருக்கும் அப்பா, தன் தோள் வலிக்கும் அதை ஒட்டிப் பார்க்கப் போவதாகச் சொல்கிறார். செய்யலாமா? வலியை வேரோடு நீக்கும் என்று விளம்பரம் வருகிற பெரிய மெஷின் வாங்கினால் பலன் இருக்குமா?"

அன்புச் சகோதரிக்கு,

அப்பாவைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது காத்திருக்கக் கூடாது. அப்பா அந்த மெஷினை ஒட்டிக்கொள்ளவே வேண்டாம். இதயம் தானாகத் துடிக்கிறதா என்று பேஸ்மேக்கர் எந்நேரமும் கவனித்துக்கொண்டிருக்கும். துடித்தால் சும்மா இருக்கும், துடிக்காவிட்டால் தூண்டிவிடும். தோளில் ஒட்டிய பேடிலிருந்து வரும் மின்துடிப்பை அது இதயத்தின் துடிப்பு என்று எடுத்துக்கொண்டால், தூண்ட வேண்டிய நேரத்தில் தூண்டாமல் இருந்துவிடலாம். அவருக்கு வைத்திருப்பது அதிர்ச்சி கொடுத்து இதயத்தைச் சீராக்கும் ஐ.சி.டி. வகை என்றால், தேவையில்லாத நேரத்தில் அதிர்ச்சி கொடுத்துவிடவும் கூடும். இதய மருத்துவர் பக்கத்திலிருந்து, ஈ.சி.ஜி. பார்த்துக்கொண்டே சோதித்துவிட்டுச் சிலருக்கு அனுமதிப்பது உண்டு. அது மருத்துவமனையில் நடக்க வேண்டிய காரியம், வீட்டில் பார்க்கிற பரீட்சை அல்ல. இன்னொன்றும் கவனியுங்கள். அவருடைய தோள் வலி நடக்கும்போதோ படியேறும்போதோ கூடி, உட்கார்ந்தால் குறைகிறதா? அப்படியானால் அதைத் தோள் வலி என்று நினைத்துவிடாமல் உடனே இதய மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

முழங்கையை எதிலாவது இடித்துக்கொண்டால் நாம் யோசிக்காமலே அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறோம். தேய்த்தால் வலி கொஞ்சம் அடங்குகிறது. தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுபோகும் நரம்பு இழைகள் தடிமனானவை, வேகமானவை. வலியைக் கொண்டுபோகும் இழைகள் மெல்லியவை. இரண்டும் தண்டுவடத்தில் சந்திக்கின்றன. தடித்த இழைகளிலிருந்து செய்தி நிறைய வந்தால், வலிச் செய்தி மூளைக்குப் போவது அங்கேயே மட்டுப்படுகிறது. ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர் 1965-ல் இதை 'வாயில் (கேட்) கட்டுப்பாடு' என்ற கோட்பாடாக முன்வைத்தார்கள். இரண்டே வருடத்தில், 1967-ல், வாலும் வில்லியம் ஸ்வீட் என்ற நரம்பு அறுவை மருத்துவரும் மெல்லிய மின்துடிப்பால் நரம்பைத் தூண்டி, வலியைத் தற்காலிகமாக அடக்க முடியும் என்று காட்டினார்கள். உங்கள் வீட்டிலிருக்கும் சின்ன மெஷின் அந்த வழியில் வந்தது. மின்சாரத்தால் வலியைத் தணிக்கும் யோசனை அதைவிட மிகப் பழையது. முதல் நூற்றாண்டிலேயே ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய மருத்துவர், உடலில் மின்சாரம் பாய்ச்சும் டார்பிடோ மீனைத் தலைவலிக்கும் கவுட் மூட்டு வலிக்கும் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார்.

தண்டுவடத்தோடு விஷயம் முடிந்துவிடவில்லை. மூளையிலிருந்து கீழே இறங்கி வலியை அடக்குகிற பாதைகளையும், உடம்பு தானே சுரக்கும் வலிநிவாரணப் பொருள்களையும் இந்த மின்துடிப்பு கிளப்பிவிடுகிறது. ஆனால் கவனியுங்கள், இதில் எந்த இடத்திலும் தேய்ந்த குருத்தெலும்பு வளர்வதில்லை, முதுகெலும்பில் விலகிய தட்டு திரும்பிப் போவதில்லை. மெஷின் ஓடும்போதும் நிறுத்திய பின் கொஞ்ச நேரமும் வலியின் சத்தம் குறைகிறது. அது செய்வது அவ்வளவுதான். அதையும் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. அந்த நேரத்தை என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நரம்பு பலவீனமாகிவிடுமா என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். ஒவ்வொரு துடிப்பும் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவான நேரம்தான் நீடிக்கிறது. அளவும் மில்லிஆம்பியர் கணக்கில்தான். வழக்கமாக வரும் தொந்தரவு பேட் ஒட்டிய இடத்தில் தோல் சிவப்பது, பசையால் அரிப்பது. யார் வைக்கக் கூடாது, எங்கே வைக்கக் கூடாது என்பதை மட்டும் கறாராகப் பார்க்க வேண்டும். கழுத்தின் முன்பக்கம், கண், தலை, நெஞ்சுக்குக் குறுக்காக, காயம் பட்ட தோல், புற்றுநோய்க் கட்டி உள்ள இடம், ரத்தம் உறைந்து வீங்கிய கால் ஆகிய இடங்களில் ஒட்டக் கூடாது. கர்ப்பிணிகள் வயிற்றிலும் இடுப்பிலும் ஒட்டக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. குளிக்கும்போது, வண்டி ஓட்டும்போது, தூங்கும்போது யாருக்குமே கூடாது. அம்மா தூங்கப் போகும் முன் ஒட்டிக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே கண் அயர்ந்துவிடுவது சகஜம், அதனாலேயே அந்த நேரத்தை மாற்றச் சொல்கிறேன். மாற்றச் சொல்ல இதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இந்தச் சிகிச்சைக்கு உண்மையிலேயே பலன் இருக்கிறதா? ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. நாட்பட்ட வலிக்கு டென்ஸ் பற்றிய ஆய்வுகளை 2019-ல் தொகுத்துப் பார்த்த காக்ரேன் குழு, சான்றின் தரம் மிகக் குறைவு, உதவுகிறது என்றோ உதவவில்லை என்றோ அடித்துச் சொல்ல முடியாது என்றது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016-ல் இடுப்பு வலிக்கும், 2021-ல் வேறு காரணம் புலப்படாத நாட்பட்ட வலிக்கும் இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று வழிகாட்டியது. 2022-ல் வெளியான வேறொரு தொகுப்பு 381 ஆய்வுகளை எடுத்துக்கொண்டு பார்த்தது. மெஷின் ஓடும்போதும் நிறுத்திய உடனேயும், கரண்ட் கொடுக்காத போலி மெஷினை வைத்ததைவிட வலி குறைவாக இருந்தது என்றும், பெரிய தீங்கு எதுவும் இல்லை என்றும் அது முடிவு சொன்னது.

இவை ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியும். என் பார்வையில் பெரும்பாலும் அளந்த விதத்தில்தான் வித்தியாசம். பல ஆய்வுகளில் கரண்டைத் தோலில் லேசாகக் கூசும் அளவுக்குத்தான் வைத்தார்கள். வலியை அளந்ததும் மெஷினைக் கழற்றி நெடுநேரம் ஆன பிறகு, அதுவும் ஆள் அசையாமல் இருக்கும்போது. முக்கியமாக ஓடும்போது வேலை செய்கிற ஒன்றை ஓடாத நேரத்தில் அளந்தால் பலன் எப்படித் தெரியும்? 2020-ல் வெளியான ஒரு ஆய்வு எனக்குப் பிடித்தமானது. ஃபைப்ரோமயால்ஜியா என்ற உடல் முழுதும் பரவும் வலி உள்ள 301 பெண்களில் ஒரு பகுதியினருக்கு மெஷினைக் கொடுத்து, தினமும் இரண்டு மணி நேரம், வேலை செய்துகொண்டிருக்கும்போதே போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். கரண்டின் அளவும் தாங்கக்கூடிய வரைக்கும் பலமாக இருந்தது. நான்கு வாரத்தில், அசையும்போது வருகிற வலி, போலி மெஷின் வைத்தவர்களைவிட நிஜ மெஷின் வைத்தவர்களுக்கு நன்றாகக் குறைந்திருந்தது. உங்கள் அம்மாவுக்கு இருப்பது வேறு நோய். ஆனால் வைத்த விதத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு ஐந்தாம் நாளிலிருந்து ஏன் ஒன்றும் தெரியவில்லை? நீங்கள் கேட்டது சரிதான், உடம்பு பழகிவிடுகிறது. ஒரே எண்ணில் (விநாடிக்கு எத்தனை துடிப்பு என்பது), ஒரே பலத்தில், தினமும் ஒரே மாதிரி வைத்தால் நான்கைந்து நாளில் பலன் மங்குவது ஆய்வுகளிலும் பதிவான விஷயம். மெஷினைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, வைக்கும் முறையை மாற்றினால் போதும்.

முதலில் பலம். கூச்சம் தெரிந்தாலே போதும் என்று நிறையப் பேர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது. பலமாகத் தெரிய வேண்டும், ஆனால் வலிக்கக் கூடாது. மெஷினை இயக்கி மெதுவாகக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். இதற்கு மேல் சகிக்காது என்கிற இடத்துக்கு ஒரு படி கீழே நிறுத்தட்டும். ஐந்து பத்து நிமிடத்தில் அந்த உணர்வு தானாகவே மங்கும். மெஷின் நின்றுவிட்டதோ என்று தோன்றும். அப்போது இன்னும் ஒரு படி கூட்ட வேண்டும். நேரமும் இருபது நிமிடம் கொஞ்சம் குறைவுதான். அரை மணி முதல் ஒரு மணி வரை வைக்கலாம், ஒரு நாளில் இரண்டு மூன்று முறை வைத்தாலும் தவறில்லை.

அடுத்து எண். வழக்கமான முறையில் விநாடிக்கு 80 முதல் 100 துடிப்பு, அதாவது 80 முதல் 100 ஹெர்ட்ஸ். தோலில் இடைவிடாத சுறுசுறுப்பாகத் தெரியும். இன்னொரு முறையில் விநாடிக்கு 2 முதல் 4 துடிப்புதான், தசை லேசாகத் துள்ளுகிற அளவுக்கு வைக்க வேண்டும். இரண்டும் கிளப்புகிற உள்வழிகள் கொஞ்சம் வேறு. அதனால் இரண்டையும் மாற்றி மாற்றி வைப்பதோ, எண் தானாகவே ஏறி இறங்கும் முறையை வைப்பதோ உடம்பு பழகுவதைத் தள்ளிப்போடும். உங்கள் மெஷினில் எண் காட்டாமல் முறை 1, முறை 2 என்று மட்டும் இருந்தால், கூட வந்த கையேட்டில் எது எத்தனை ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும், பாருங்கள். அப்புறம், அம்மா வலிக்கு டிரமடால் போன்ற மாத்திரையைத் தொடர்ந்து எடுப்பவராக இருந்தால், குறைந்த எண் முறை அவ்வளவாக வேலை செய்யாது. அதிக எண் முறையையே வைக்கச் சொல்லுங்கள்.

பேட் விஷயத்தில்தான் வீடுகளில் நிறையக் கோட்டை விடுகிறார்கள். இடுப்பில் எண்ணெயோ தைலமோ தேய்த்துவிட்டு அதன் மேலேயே ஒட்டினால், ஓரிடத்தில் கரண்ட் போகாது, இன்னோரிடத்தில் குவிந்து ஊசி குத்துவதுபோல் சுரீரென்று இருக்கும். அம்மா உடனே குறைத்துவிடுவார், பலனும் போய்விடும். சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஒட்டும்போது மெஷின் அணைந்திருக்கட்டும். முதுகெலும்பின் மேல் ஒட்டாதீர்கள், அதன் இரண்டு பக்கத்துச் சதையில் வலிக்கும் இடத்துக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் குறைந்தது ஒரு பேட் அளவு இடைவெளி வேண்டும். முழங்காலுக்கு மூட்டுச் சில்லுக்கு மேலேயும் கீழேயும் பக்கவாட்டில் ஒட்டலாம். கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் ஓரத்தை நகத்தால் தூக்கி மெல்ல உரியுங்கள். மூன்று மாதமாக அதே பேட் என்றால் இந்நேரம் அது காய்ந்து, ஓரம் சுருண்டிருக்கும். நடுவில் மட்டும் ஒட்டுகிற பேடில் கரண்ட் சின்ன இடத்தில் குவிந்து தோலைப் புண்ணாக்கிவிடும். மாற்றிவிடுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த வரி வேறு. 'ஒட்டிக்கொண்டு படுத்திருப்பார்' என்ற வரி.

எட்டு வருடம் வலியோடு இருப்பவர் நாற்காலியிலிருந்து எழுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் கையால் கைப்பிடியைத் தேடுவார். மூச்சை அடக்கிக்கொள்வார். எழும் முன்பே இடுப்பைச் சுற்றியிருக்கும் தசை எல்லாம் இறுகிவிடும். வலி வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே தயாராவது அது. அந்த இறுக்கமே வலியைக் கூட்டும். வலிக்கிறதே என்று அசைவைக் குறைப்பார். அசைவு குறைந்தால் தொடைத் தசை மெலியும், முழங்காலுக்குப் பிடிமானம் போகும், வலி இன்னும் கூடும். நாட்பட்ட வலியில் நான் அதிகம் பயப்படுவது இந்தச் சுற்றுக்குத்தான், தேய்மானத்துக்கு அல்ல.

வலியை மட்டுப்படுத்தும் அரை மணி நேரம் கையில் இருக்கிறது. அதை அம்மா படுத்துக்கொண்டே கழித்துவிடுகிறார். அதைப் பகலுக்கு மாற்றுங்கள். அம்மாவுக்கு வலி அதிகமாகத் தெரிகிற வேலை எதுவோ, அதற்குப் பத்து நிமிடம் முன்பு ஒட்டி, பலமாக வைத்து, மெஷினை இடுப்பில் மாட்டிக்கொண்டே அந்த வேலையைச் செய்யட்டும். வீட்டுக்குள் நடக்கட்டும். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முதலில் ஐந்து முறை போதும், முடிகிறபோது கூட்டிக்கொள்ளலாம். உட்கார்ந்தபடியே முழங்காலை நீட்டி, தொடையை இறுக்கி, கொஞ்ச நேரம் பிடித்துவிட்டுத் தளர்த்துவதும் முழங்காலுக்கு நல்லது. இதையெல்லாம் செய்தும் ஒன்றும் ஆகவில்லை என்று உடம்பு நாலு தடவை பார்க்கட்டும். அந்த முன்கூட்டிய இறுக்கம் தளர்வதற்கு அதுதான் வழி. மறுநாள் வழக்கத்தைவிட வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

பாதத்துக்கு வருகிறேன். சர்க்கரையால் வரும் நரம்பு எரிச்சலுக்கு டென்ஸ் உதவக்கூடும். அமெரிக்க நரம்பியல் அகாடமி 2010-ல் இடுப்பு வலிக்கு இது வேண்டாம் என்று சொன்னபோதே, சர்க்கரை நரம்பு வலிக்கு அநேகமாகப் பலன் தரும் என்று சொன்னது. ஆனால் மரத்துப்போன தோலில் பேட் ஒட்டவே கூடாது. கரண்ட் கூடினாலும் அம்மாவுக்குத் தெரியாது, தோல் புண்ணானாலும் தெரியாது. சர்க்கரை உள்ளவருக்குப் பாதப் புண் எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கே தெரியும். ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். அம்மா கண்ணை மூடிக்கொள்ளட்டும். பஞ்சாலும் பென்சிலின் மழுங்கிய முனையாலும் மாற்றி மாற்றித் தொட்டு எது என்று கேளுங்கள். விரலில் ஆரம்பித்து மேலே ஏறி வாருங்கள். எந்த இடத்திலிருந்து தப்பாமல் சொல்கிறாரோ, அதற்கு மேலேதான் ஒட்டலாம். பெரும்பாலும் அது கெண்டைக்காலாக இருக்கும். முதல் தடவை ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒட்டிக் காட்டுவது நல்லது. சர்க்கரை அளவு கட்டுக்குள் இல்லாமல் பாத எரிச்சலுக்கு மட்டும் வழி தேடுவதில் பயனில்லை. அதையும் அவருடைய மருத்துவரிடம் பேசுங்கள்.

பெரிய மெஷின் வேண்டாம். பிசியோதெரபி கிளினிக்கில் ஐ.எஃப்.டி. என்று ஒன்று வைப்பார்கள். விநாடிக்கு 4000 துடிப்பை ஒட்டிய இரண்டு கரண்டுகளை உடம்புக்குள் குறுக்காகச் சேர்த்து, அவற்றின் வித்தியாசத்தில் பிறக்கும் குறைந்த எண் துடிப்பை வலியிடத்தில் கொடுப்பது அது. தோலில் உறுத்தல் குறைவு, ஆனால் பலனில் டென்ஸைவிட உயர்ந்தது என்று சொல்லும்படி சான்று இல்லை. ஒன்றுமே உணராத அளவுக்கு மைக்ரோ ஆம்பியரில் கொடுக்கும் மெஷின்களுக்கு இன்னும் குறைவான சான்றுதான். தசையைச் சுருக்கி விரிப்பதற்கென்று விற்கும் மெஷின் வேறு காரியத்துக்கானது. எதுவானாலும் வலியை வேரோடு நீக்கும் என்று சொன்னால் அந்த விளம்பரத்தை நம்பாதீர்கள். அந்தப் பணத்தில் நல்ல பேட் வாங்குங்கள், மிச்சத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்டிடம் நாலு தடவை அம்மாவை அழைத்துப் போங்கள்.

நடுவில் சில அறிகுறிகள் வந்தால் மெஷினை ஓரமாக வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போவது, தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போவது, காலில் பலம் குறைவது என்றால் அன்றைக்கே, அவசரச் சிகிச்சைக்கு. காய்ச்சலோடு இடுப்பு வலி, காரணமில்லாமல் எடை இறங்குவது, படுத்தாலும் விடாமல் ராத்திரியில் கூடும் வலி, முழங்கால் திடீரென்று சிவந்து சூடாகி வீங்குவது ஆகியவற்றையும் தள்ளிப்போடாதீர்கள். கரண்ட் இவற்றைக் கொஞ்ச நாள் மறைத்துவிடும், அதுதான் ஆபத்து.

நான்கு வாரம் இப்படி வைத்துப் பாருங்கள். ஒரு நோட்டில், வலி எவ்வளவு என்பதைவிட, அன்றைக்கு எவ்வளவு நடந்தார், எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தார், மெஷினை எந்த முறையில் எவ்வளவு நேரம் வைத்தார் என்று எழுதுங்கள். கூடிக்கொண்டு வந்தால் தொடருங்கள். நான்கு வாரத்தில் எதுவுமே மாறவில்லை என்றால் அம்மாவுக்கு இது ஒத்துவரவில்லை என்று அர்த்தம். சிலருக்கு அப்படித்தான், அதில் யார் மேலும் குற்றமில்லை. மெஷினை எடுத்து வைத்துவிட்டு வலி மருத்துவரைப் பாருங்கள். போகும்போது அந்த நோட்டையும் அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் கையோடு எடுத்துப் போங்கள். அவருக்கு அடுத்த முடிவு எடுக்க அவை இரண்டும் வேண்டும்.